பட்டில் ஒரு வில்லோ மரம்: பெரியம்மாவுக்காகத் தைத்த நினைவுச் சித்திரம்

2023 ஆடி மாதம் நாகர்கோவிலில் பெரியம்மா காலமானபோது நான் பாஸ்டனுக்கு அருகே இருந்தேன். அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. ஊசியில் நூல் கோக்க எனக்குக் கற்றுத்தந்தவர் அவர். அவருக்குச் செய்ய வேண்டியது எதையும் செய்யாமல் விட்ட உறுத்தல் பல வாரங்கள் என்னை விட்டுப் போகவில்லை. அந்த நாட்களில்தான், இங்குள்ள அருங்காட்சியகத்தில் பல முறை பார்த்திருந்த பழைய பட்டுப் பூவேலைச் சித்திரங்கள் நினைவுக்கு வந்தன. 1800 முதல் 1830 வரையிலான ஆண்டுகளில் அமெரிக்காவின் கிழக்குக் கரையோர ஊர்களில் பள்ளிச் சிறுமிகள் தைத்த இரங்கல் சித்திரங்கள் அவை. தொங்கும் கிளைகளுடன் ஒரு வில்லோ மரம், அதன் அடியில் ஒரு பீடம், பீடத்தின் மேல் கலசம், கலசத்தின் மேல் சாய்ந்து நிற்கும் வெள்ளுடைப் பெண்கள் என்று அவற்றின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அதே முறையில், கூடுமானவரை அதே பொருள்களைக் கொண்டு, பெரியம்மாவுக்கு ஒன்று தைப்பதென்று முடிவு செய்தேன். ஒன்பது அங்குல உயரமுள்ள நீள்வட்டச் சித்திரம் அது. தைத்து முடிக்க ஏழு மாதங்கள் ஆயின.

முதலில் வரைவு. அந்தக் காலத்துச் சிறுமிகள் வரைவைத் தாங்களே கற்பனை செய்யவில்லை. ஆசிரியரோ, ஆசிரியர் அமர்த்திய ஓவியரோ பட்டின் மேல் கோடிட்டுக் கொடுத்தார்கள். ஃபிலடெல்ஃபியாவில் சாமுவேல் ஃபோல்வெல் என்ற, சிறிய உருவப்படங்கள் தீட்டும் ஓவியர் வரைந்து கொடுக்க, அவருடைய மனைவி ஆன் எலிசபெத் தையல் கற்பித்தார். மாசசூசெட்ஸில் டார்செஸ்டர் ஊரில் ஜூடித் சாண்டர்ஸும் கிளெமென்டினா பீச்சும் 1803இல் தொடங்கிய பள்ளியிலிருந்தும், அதே மாநிலத்தின் சவுத் ஹாட்லியில் ஏபி ரைட் நடத்திய பள்ளியிலிருந்தும் வந்த சித்திரங்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பழகிய கண்ணுக்கு ஒவ்வொரு பள்ளியின் கையும் தனியாகத் தெரியும். ஏபி ரைட்டின் மாணவிகள் உலோக நூலைப் புடைப்பாக வைத்துத் தைப்பதில் தேர்ந்தவர்கள்.

இந்த வடிவம் ஏன் அந்த ஆண்டுகளில் திடீரென்று பெருகியது என்பதற்கு ஒரு தேதியைச் சுட்டலாம். 1799 டிசம்பர் 14 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் மவுண்ட் வெர்னனில் இறந்தார். அவரது பெயர் பொறித்த பீடத்தருகே பெண்ணொருத்தி அழும் செதுக்குப் படங்கள் அச்சாகி நாடெங்கும் விற்பனைக்கு வந்தன. பள்ளிகள் அவற்றைப் பார்த்துத் தைக்கச் செய்தன. பிறகு வாஷிங்டனின் பெயர் இருந்த இடத்தில் அம்மாவின் பெயரும், தம்பியின் பெயரும், பிறந்த சில மாதங்களில் இறந்த தங்கையின் பெயரும் வந்தன. ஆனாலும் அந்தத் தேதி முழுக் காரணம் அன்று. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் பழைய கல்லறைகளைப் பார்த்தால், முன்பு இறக்கை முளைத்த மண்டையோடும், அதன்பின் இறக்கையுள்ள குழந்தை முகமும் செதுக்கிய இடத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கலசமும் வில்லோவும் வந்துவிட்டதைக் காணலாம். சாவைப் பார்த்து அஞ்சுவதைவிட, இறந்தவரை நினைத்து ஏங்குவதே முன்னே வந்துவிட்ட காலம் அது. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

என் வரைவில் பெண்கள் மூவர். அந்தச் சித்திரங்களில் நிற்பவர்களின் எண்ணிக்கை பெரும்பாலும் குடும்பத்தில் எஞ்சியிருப்பவர்களின் எண்ணிக்கையைக் காட்டும் என்பதால், பெரியம்மாவின் மகள்கள் இருவரையும் என்னையும் வைத்தேன். மூவருக்கும் சேலை கட்டிவிடலாமா என்று சில நாள் யோசித்தேன். வெள்ளை இந்தச் சித்திரங்களின் உயிர். ஆனால் வெள்ளைச் சேலை கட்டிய மூன்று பெண்களைப் பார்க்கும் நம்மவர் யாரும் அவர்களைக் கைம்பெண்கள் என்றே எண்ணுவார்கள். அக்காமார் இருவரும் கணவரோடு வாழ்பவர்கள். எனவே மார்புக்குக் கீழேயே இடுப்புக்கட்டு வரும் அந்தக் காலத்து நீள அங்கியையே விட்டுவிட்டேன். நியூ இங்கிலாந்துத் துறைமுகங்களிலிருந்து 1780களுக்குப் பின் கப்பல்கள் நேரடியாக இந்தியாவுக்கு வந்து துணி ஏற்றிப் போயின; அந்த அங்கிகளுக்கான மஸ்லினில் கணிசமான பங்கு நம் நாட்டுத் தறிகளில் நெய்ததுதான். அதை நினைத்தபோது அந்த உடை அவ்வளவு அந்நியமாகத் தோன்றவில்லை. பின்னணியில், அந்தக் காலத்துச் சிறுமிகள் தேவாலயமோ தங்கள் வீடோ வைக்கும் இடத்தில், பெரியம்மாவின் ஓட்டு வீட்டையும் அதன் பின்னால் தெரியும் மலையையும் வைத்தேன்.

அடித்துணிக்கு வெண்மையும் தந்த நிறமும் கலந்த சாதா நெசவுப் பட்டு. பட்டை நேரடியாகச் சட்டத்தில் இழுத்துக் கட்டினால் ஓரம் கிழியும். எனவே முதலில் கெட்டியான லினன் துணியைச் சட்டத்தில் பிணைத்து, அதன் மேல் பட்டை வைத்து நான்கு புறமும் தைத்து, பிறகு முரசுத்தோல் போல் விறைப்பாகும்வரை சட்டத்தை இறுக்கினேன். ஆரி வேலைக்குப் பயன்படுத்தும் மரச்சட்டம் போன்றதுதான் இது. வட்ட வளையத்தில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. வளையம் பட்டில் விடும் தழும்பு மறுபடி போகாது.

முதல் பட்டுத் துணியை வானம் தீட்டும்போதே இழந்தேன். இந்தச் சித்திரங்களில் வானம் தைக்கப்படுவதில்லை, நீர்வண்ணத்தில் தீட்டப்படும். முகங்களும் கைகளும் அப்படியே. நான் காகிதத்தில் தீட்டிப் பழகிய துணிவில், நீலத்தைக் கரைத்துத் தூரிகை நிறைய எடுத்துப் பட்டின் மேல் வைத்தேன். வைத்த கணத்தில் அது இழை வழியே ஓடி, வில்லோவின் கோடுகளைத் தாண்டி, கலசத்தின் கழுத்துவரை சென்று நின்றது. காய்ந்த பிறகு நீர் நின்ற விளிம்பெல்லாம் அடர்ந்த கோடாகப் படிந்துவிட்டது. இரண்டாவது பட்டில் முதலில் ஒரு கரண்டி ஜெலட்டினை அரை லிட்டர் வெந்நீரில் கரைத்து ஆறவைத்து, வானம் வரும் இடத்தில் மட்டும் மெல்லப் பூசி ஒரு நாள் உலரவிட்டேன். பிறகு தூரிகையைத் துணியில் ஒற்றி ஈரம் கிட்டத்தட்டப் போன நிலையில், மேலிருந்து கீழாக நீலம் மங்கி ரோஜா நிறத்தில் முடியும்படி ஏழெட்டு மெல்லிய பூச்சுகளாகத் தீட்டினேன். ஒரு பூச்சு முழுதாகக் காயும் முன் அடுத்ததைத் தொடக்கூடாது. பட்டில் நீர்வண்ணம் தீட்ட நினைக்கும் எவரும் ஓரத்துத் துண்டு ஒன்றில் இதைச் சோதித்துப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

நூல் முறுக்கில்லாத பட்டு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் முறுக்கிய பட்டு நூலிலும் தைக்கலாம், ஆனால் பழைய சித்திரங்களின் அந்த நீர்போன்ற பளபளப்பு அதில் வராது. முறுக்கில்லா இழை ஒவ்வொன்றும் ஒளியை நேராகத் திருப்பி அனுப்புவதால், ஒரே நூலை நெடுக்காகத் தைத்தால் ஒரு நிறமும் குறுக்காகத் தைத்தால் வேறு நிறமும் போலத் தெரியும். கலசத்தை முழுவதும் ஒரே சாம்பல் நூலால்தான் தைத்தேன். உடல் குறுக்காக, கழுத்து நெடுக்காக, அடி சாய்வாக. பார்ப்பவர்கள் மூன்று நிறங்கள் என்றே சொல்கிறார்கள். இந்த நூலின் ஒரே கொடுமை, விரலின் சிறு சொரசொரப்பிலும் மாட்டிப் பிசிறுவது. தினமும் தொடங்கும் முன் சர்க்கரையையும் தேங்காய் எண்ணெயையும் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, எண்ணெய் துளியும் மிஞ்சாமல் சோப்புப் போட்டு இரு முறை கழுவி, நன்றாகத் துடைத்த பிறகே நூலைத் தொட்டேன். பெரியம்மா பாத்திரம் கழுவிய கையோடு என்னைத் துணியருகே விடமாட்டார். அதன் காரணம் அப்போது விளங்கியிருக்கவில்லை.

வில்லோவுக்கு மட்டும் மூன்று மாதங்கள். அடிமரத்தை நீள் தையலும் குறுந்தையலும் மாறி மாறி வைத்து, நான்கு பழுப்புகள் ஒன்றுக்குள் ஒன்று கரையும்படி நிரப்பினேன். கிளைகள் காம்புத் தையல். நூலை இரண்டாகப் பிரித்து, அதில் ஒரு பாதி மட்டும். ஒவ்வொரு கிளையும் மேலே எழுந்து, வளைந்து, பிறகு தன் எடையிலேயே விழுவது போல் இறங்க வேண்டும். முதலில் தைத்த பதினொரு கிளைகளும் விறைத்து நின்றன. பிரித்துப் பார்த்த பிறகுதான் தவறு புரிந்தது: வளைவிலும் இறக்கத்திலும் ஒரே நீளத் தையல்களை வைத்திருந்தேன். வளைவில் அரிசியின் பாதியளவு தையல், இறக்கத்தில் அதைப்போல் மூன்று மடங்கு என்று மாற்றியதும் கிளை தொங்கத் தொடங்கியது. இலைகள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு நேர்த் தையல், கிளையிலிருந்து கீழ்நோக்கிச் சாய்ந்தபடி. எத்தனை இலைகள் என்று எண்ணவில்லை. மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று கிளைகளுக்கு இலை வைக்க முடிந்தது. வெட்டி நட்டால் மறுபடி வேர்விடும் மரம் என்பதும் வில்லோவைக் கல்லறைகளுக்குத் தேர்ந்த காரணங்களில் ஒன்று என்பார்கள். அந்த மாலைகளில் அதுவும் துணையாக இருந்தது.

இலைகளின் நிறத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. அருங்காட்சியகங்களில் இன்று நாம் பார்க்கும் வில்லோக்களில் பல நீலம் பாய்ந்து தெரிகின்றன. அந்தக் காலத்தில் பச்சை என்பது அவுரி நீலத்தின் மேல் தாவர மஞ்சளை ஏற்றிப் பெற்ற நிறம். இருநூறு ஆண்டு வெளிச்சத்தில் மஞ்சள் போய் நீலம் மிஞ்சிவிட்டது. ஒளி படாத பின்பக்கத்தில் பச்சை இன்னும் இருக்கும். அந்த நீலம் கலந்த சோகம் அழகானதுதான், பலர் அதைப் பார்த்தே நூல் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் அந்தச் சிறுமிகளின் கண்ணில் பட்ட பச்சையையே எடுத்தேன். துக்கச் சித்திரம் மங்கலாக இருக்க வேண்டும் என்று அவர்கள் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. தைத்த நாளில் அவை கண்ணைப் பறிக்கும் நிறங்களோடுதான் இருந்திருக்கும்.

பெண்களின் அங்கிகளுக்குத் தோளிலிருந்து தரைவரை துணியின் மடிப்பு விழும் திசையிலேயே சாட்டின் தையல். மடிப்பின் நிழலுக்கு வெள்ளையும் சாம்பலும் கலந்த ஒற்றை இழை. முகம் தீட்டுவதில் எனக்குக் கை போதாது. அந்தப் பள்ளிகளிலும் முகங்களைப் பெரும்பாலும் தேர்ந்த ஓவியர்களே தீட்டிக் கொடுத்தார்கள் என்பதால், ஒருத்தி கைக்குட்டையில் முகம் புதைத்தும், ஒருத்தி பீடத்தில் நெற்றி சாய்த்தும் நிற்க, மூன்றாமவளின் பக்கத் தோற்றம் மட்டும் தெரியும்படி வரைவையே அமைத்திருந்தேன். அந்த ஒரு கன்னத்துக்கு மூன்று மாலைகள் செலவாயின.

இந்த மரபில் இறந்தவரின் தலைமுடியையும் பயன்படுத்துவார்கள். கூந்தல் இழையையே ஊசியில் கோத்துத் தைத்தவையும் உண்டு. பொடியாக்கி வண்ணத்தில் கலந்து தீட்டிய சிறு பதக்கங்களும் உண்டு. பெரியம்மாவின் சீப்பில் ஏதாவது இருக்குமா என்று தொலைபேசியில் பெரிய அக்காவிடம் கேட்டேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "இறந்தவங்க முடிய வீட்டுல வைக்கப்பிடாது மக்களே. அம்மைக்கே அது பிடிக்காது" என்றார். அவர் சொன்னது சரி. முடியை வைத்துக்கொள்வது அந்த அமெரிக்க ஊர்களின் வழக்கம், எங்கள் வழக்கம் அன்று. பத்து நாள் கழித்து அக்காவிடமிருந்து ஒரு பொட்டலம் வந்தது. பெரியம்மா பாதி பயன்படுத்தி மடித்து வைத்திருந்த ஆங்கர் பருத்தி நூல் கண்டுகள் ஆறு, எண் எழுதிய காகிதப் பட்டையோடு. பட்டுச் சித்திரத்தில் பருத்தி நூல் சேராது என்பது விதி. இருந்தும் பீடத்தின் அடியில், மூவரும் நிற்கும் புல்தரையில், பழைய சித்திரங்களில் புசுபுசுவென்ற செனில் நூல் வரும் இடம் முழுவதையும் அந்தப் பச்சைப் பருத்தியால் பிரெஞ்சு முடிச்சுகளாக நிரப்பினேன். பளபளப்பில்லாத அந்தத் தரை, மேலே பட்டின் மினுமினுப்புக்கு மண் போல் அடங்கி நிற்கிறது.

அடுத்தது பீடம். எஞ்சியிருக்கும் சித்திரங்களில் பீடம் வெறுமையாகவே விடப்பட்டவை பல உண்டு. சிறுமி பள்ளிப் பயிற்சிக்காகத் தைத்திருப்பாள். வீட்டில் யாரும் இறக்கவில்லை. பெயர் பின்னால் எழுதப்படட்டும் என்று இடம் விட்டிருப்பார்கள். முன்பு அந்த வெற்றுப் பீடங்களைப் பார்க்கும்போது வேலை முடியாதது போலிருக்கும். இப்போது என் சட்டத்திலும் மற்ற எல்லாம் முடிந்து பீடம் மட்டும் வெறுமையாக மூன்று வாரங்கள் இருந்தது. எழுதுவதற்கான நுட்பம் கைவரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் உண்மையும் இருந்தது. ஓரத்துத் துண்டில் மை தொட்டு எழுதிப் பார்த்தபோது, ஒரு அங்குல அகலத்துக்குள் 'றை' என்ற எழுத்தின் சுழிகள் அடைந்து கறுப்புத் திட்டாயின. மெய்யெழுத்தின் புள்ளி பரவி மேல்வரிசையைத் தொட்டது. ரோமன் எழுத்துகளின் நேர்க்கோடுகளுக்குப் பட்டு இடம் கொடுத்திருக்கலாம், நம் சுழிகளுக்குக் கொடுக்கவில்லை. இதற்கும் அந்தக் காலத்துத் தீர்வே உதவியது. பலர் பட்டில் எழுதாமல், காகிதத்தில் எழுதியோ அச்சிட்டோ பீடத்தின் அளவுக்கு வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அமிலமற்ற மெல்லிய காகிதத்தில், மிக நுண்ணிய முள் கொண்ட பேனாவால், ஊரில் இரங்கல் சுவரொட்டிகளில் போடும் முறைப்படி எழுதினேன்: பெயர், அதன் கீழ் தோற்றம், அதன் கீழ் மறைவு. பதினான்காவது காகிதத்தில் எல்லாப் புள்ளிகளும் தனித்தனியே நின்றன. கோதுமை மாவுச்சத்துப் பசையை மிகக் குறைவாகத் தடவி, பீடத்தின் நடுவில் வைத்து, மேலே ஒரு துணியும் அதன் மேல் சிறு கனமும் வைத்தேன்.

மேற்கண்ணாடிக்கு, நீள்வட்டச் சாளரம் விட்டுச் சுற்றிலும் உட்பக்கம் கறுப்பு பூசி, தங்க எழுத்தில் தைத்தவரின் பெயர் பொறிக்கும் முறை. வெந்நீரில் ஜெலட்டின் குளிகை ஒன்றைக் கரைத்து, கண்ணாடியில் ஓடவிட்டு, அதன் மேல் தங்க இலையை வைத்தால் அது தானே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். காய்ந்ததும் எழுத்தைப் பின்புறமிருந்து வண்ணத்தால் இடவலம் மாற்றி எழுதி, மிச்சத் தங்கத்தை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு, எல்லாவற்றின் மேலும் கறுப்பு அடிக்க வேண்டும். எழுத்தைக் கண்ணாடியில் காண்பது போல் இடவலம் மாற்றி எழுத வேண்டும் என்பதால், கொம்பு எழுத்துக்கு வலப்பக்கம் போகும், காலோ இடப்பக்கம் வரும். நான் ஒரே ஒரு 'தை'யின் இணைக்கொம்பை வழக்கமான பக்கத்திலேயே போட்டுவிட்டேன். கறுப்பு அடித்துத் திருப்பிப் பார்த்த பிறகே கண்ணில் பட்டது. முழுக் கண்ணாடியையும் சுரண்டி மீண்டும் செய்தேன். அதற்குப் பின், எழுதிய தாளைத் திருப்பிப்போட்டு வெளிச்சத்தில் வைத்து ஒற்றியெடுத்த படியைப் பார்த்தே எழுதினேன்.

சட்டமிடுவதில் பழைய முறையைப் பின்பற்றவில்லை. அக்காலத்தில் பட்டின் பின்னால் பைன் பலகையை நேராக அடைத்தார்கள். அந்த மரத்தின் அமிலம் பட்டைப் பழுப்பாக்கியது, பலகையின் கணுக்கள் கறையாகவே பதிந்தன. கண்ணாடியும் பட்டும் ஒட்டியிருந்த இடங்களில் ஈரம் தங்கி இழை நைந்தது. என் சித்திரத்தை அமிலமற்ற அட்டையில் தைத்து, கண்ணாடிக்கும் அதற்கும் இடையே கால் அங்குல இடைவெளி வருமாறு ஓரத்தில் பட்டைகள் வைத்தேன். ஒட்டுநாடாவோ பசையோ பட்டின் மேல் எங்கும் படவில்லை.

இப்போது அது மாடிப்படிக்கு அருகே, சன்னல் இல்லாத சுவரில் தொங்குகிறது. பழந்துணிகளுக்கு 50 லக்ஸ் வெளிச்சமே மேல் வரம்பு என்று அருங்காட்சியகங்கள் கொள்வதால், அங்கிருந்த விளக்கை மாற்றிச் சிறியதாக வைத்திருக்கிறேன். படத்தை எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, புல்லில் உள்ள பச்சை எந்த எண் நூல் என்பது. காகிதப் பட்டையைப் பார்த்துச் சொன்னேன். தன்னிடம் இன்னும் ஒரு கண்டு இருக்கிறது, பத்திரமாக எடுத்து வைக்கிறேன் என்றார்.